இன்டர்கூலருக்காக நீ அறுத்தெடுத்தது

தினேஷ்,

உன் மாமா நேற்று சாயங்காலம் வந்துவிட்டுப் போனார். நீ சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். உன் பெண்டாட்டி சரண்யா அவள் அம்மா வீட்டுக்குப் போய் இவ்வளவு நாளாகிறதாம், ஊர் என்ன பேசும் என்று உனக்குக் கவலையாம், பெரியவளாக நான்தான் பள்ளிப்பட்டு போய் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லி அழைத்து வரவேண்டுமாம். என்னிடம் நேராகப் பேச உனக்கு வாய் வரவில்லை. கவரைப்பேட்டையில் நண்பன் அறையில் உட்கார்ந்துகொண்டு மாமாவை அனுப்புகிறாய். போகிற போக்கில் மாமா இன்னொன்றும் சொன்னார். வண்டியிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாயாம், வேறொரு பழைய வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறாயாம், அதில் மாட்டப் போகிறாயாம். "இனிமே மெதுவா ஓட்டுவான்க்கா, பையன் திருந்திட்டான்" என்றார். நான் காப்பி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, பதில் எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதுதான் அது. உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் குடும்ப குரூப்பில் போடப் போகிறேன். சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள், சரண்யா வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். உன் கதையை நீ எல்லார் காதிலும் போட்டாய். இதுவும் எல்லார் கண்ணிலும் படட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி பைத்தியம் பிடித்துத் திரிகிறாய் என்று நான் உன்னை ஒருநாளும் திட்டியதில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று கேட்டதெல்லாம் உன் ஸ்பேனர் சத்தம்தான். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. சிப்காட்டில் ரப்பர் ஹோஸ் செய்கிற கம்பெனியில் இத்தனை வருஷம் நின்று வேலை பார்த்தவள் நான். எண்ணெய் வாசனையும் கறுத்துப் போன நகமும் எனக்கு அருவருப்பு இல்லை. அந்தப் பழைய காரை நீ வாங்கி வந்தபோது ஷெட்டில் கிடந்த விறகையும் தட்டுமுட்டு சாமானையும் நான்தான் ஒதுக்கி இடம் செய்து கொடுத்தேன். ஆகவே, அம்மாவுக்கு மெஷின் தெரியாது, அதனால் புலம்புகிறாள் என்று இதைப் படிக்கிற யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த சூப்பர்சார்ஜர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியது, மரப்பெட்டியில் வைக்கோல் மாதிரி காகிதம் சுற்றி வந்தது. நாஷ்டா சாப்பிடுகிற மேஜையில் அதை வைத்துவிட்டு, நானும் சரண்யாவும் இட்லித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, நீ பாடம் நடத்தினாய். "இன்ஜின் சும்மா தானா மூச்சு இழுத்துக்கினு ஓடுதும்மா. இது அதுக்கு மூச்ச ஊதி வுடும். பெட்ரோலும் கூடப் போவும், பவரும் கூட வரும்" என்றாய். இன்ஜின் சுற்றுகிற பெல்ட்டே இதையும் சுற்றும் என்று விரலால் வளையம் போட்டுக் காட்டினாய். காற்றை நெருக்கினால் அது சூடாகும், சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனையே தின்றுவிடும், அதனால் நடுவில் காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் வேண்டும், அது ரேடியேட்டர் மாதிரி வண்டியின் மூக்கில் உட்காரும் என்று சொன்னாய். எல்லாம் புரிந்தது. நீ அழகாகச் சொல்லிக் கொடுப்பாய். அதுதான் எனக்கு இப்போது எரிகிறது. உனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஒரு வழியும் நீ விட்டுவைக்கவில்லை.

சித்திரை வெயிலில் தொடங்கி ஆனி முடிகிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த ஷெட்டில்தான் போயின. சூப்பர்சார்ஜரை நிறுத்த லேத்துக் கடையில் நீ அடித்து வந்த முதல் தாங்கி கோணல். பெல்ட் ஓடுகிற இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் பெல்ட் பிய்ந்து தோட்டத்துத் துளசி மேல் போய் விழுந்தது. நீ கோபப்படவில்லை. நூல் பிடித்துப் பார்த்து, தடித்த தகட்டில் வேறு தாங்கி செய்து மாட்டினாய். காற்று போகிற குழாய்களை இணைக்கிற ஹோஸ்களை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாய். ஒன்று உள்பக்கம் பிசிறாக இருந்தது, இதை மாட்டாதே, சூட்டில் உரிந்து இன்ஜினுக்குள் போகும் என்று தள்ளி வைத்தேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றினாய். பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரையும் பெரிதாக மாற்றினாய். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து பைபாஸில் ஓட்டி ஓட்டி பெட்ரோல் அளவைச் சரி செய்தாய். அப்போதெல்லாம் பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திரையில் ஓடுகிற எண்களை உனக்கு உரக்கப் படித்துச் சொன்னது யார்? சரண்யா. கம்பெனி லேபில் வாரமெல்லாம் பெயின்ட் சாம்பிள் பார்த்துக் களைத்து வந்தவள், ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் உன் கூட வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வண்டி பிடிக்காது, அதனால்தான் இவ்வளவு பெரிதாக்குகிறாள் என்று நீ மாமாவிடம் சொன்னாயாம். சொல்லும்போது நாக்கு கூசவில்லையா?

இன்டர்கூலர்தான் கடைசியில் வந்தது. முதலில் சின்னதாக ஒன்றைப் பொருத்திப் பார்த்தாய். அது பம்பருக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பைபாஸில் இழுத்து ஓட்டினால் காற்று சூடாகிவிடுகிறது, லேப்டாப்பில் எண் ஏறிக்கொண்டே போகிறது என்றாய். பெரியது ஒன்று வாங்கி வந்தாய். அது உட்காரவில்லை. பம்பருக்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு இரும்புச் சட்டம் ஓடுகிறதே, அது இடித்தது. நீ கொஞ்ச நேரம் மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றாய். பிறகு கட்டிங் மிஷினை எடுத்தாய். நான் அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பொறி பறக்கிற சத்தம் கேட்டு வந்து, என்னடா அறுக்கிறாய் என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை ஒரு வார்த்தை பிசகாமல் இங்கே எழுதுகிறேன்.

"இது முன்னாடி வர அடிய வாங்கி ரெண்டு பக்கமும் பிரிச்சிக் குடுக்குற கம்பிமா. நாம எங்க போய் இடிக்கப் போறோம்? சும்மா வெயிட்டுதான்."

அது எதற்கு இருக்கிறது என்று தெரிந்து, வாயால் எனக்கு விளக்கிச் சொல்லி, சொன்ன வாய் மூடுவதற்குள் அதை அறுத்தெடுத்து வெளியே போட்டாய்.

நான் சும்மா இருக்கவில்லை. சரண்யா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் உன்னோடு சண்டை போடவில்லை. வண்டி அப்படியே நிற்கட்டும், வேறு சட்டம் செய்து மாட்டும்வரை நான் இதில் ஏறமாட்டேன் என்றாள், அவ்வளவுதான். இல்லாவிட்டால் சின்ன இன்டர்கூலரையே போடுங்கள், கொஞ்சம் பவர் குறைந்தால் என்ன என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய். லேத்துக் கடையில் வளைத்து, வெல்டிங் செய்து, பெரிய இன்டர்கூலருக்கு முன்னால் நிற்கிற மாதிரி புதுச் சட்டம் செய்யப் போவதாகச் சொன்னாய். அந்த வாரம் முழுக்க அவள் கம்பெனி பஸ்ஸில் போனாள். அடுத்த வாரம் ஒரு நாள் பம்பரை மூடி, துடைத்து, பளபளவென்று வண்டியை வாசலில் நிறுத்தினாய். "மாட்டியாச்சா?" என்று அவள் கேட்டாள். "மாட்டியாச்சு, முன்ன இருந்தத வுட ஸ்ட்ராங்கு" என்றாய். பம்பர் மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் நம்பினாள். நானும் நம்பினேன். புருஷன் சொன்னால், பிள்ளை சொன்னால், பம்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டா நம்புவார்கள்?

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போவது என்று நான்தான் சொல்லியிருந்தேன். நான் முதல் நாளே என் கம்பெனிப் பெண்களோடு வேனில் போய்விட்டேன். நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வருவதாகப் பேச்சு. புதுவாயலில் திரும்பி பெரியபாளையம் போகிற சாலை ஆடியில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வேப்பிலை கட்டிய வேனும் டிராக்டரும் ஷேர் ஆட்டோவும், ஓரத்தில் மஞ்சள் புடவையோடு நடந்து போகிறவர்களும். அந்தச் சாலையில் உனக்கு உன் சூப்பர்சார்ஜர் கத்துகிற சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை உன் வாயாலும் கேட்டேன், அவள் வாயாலும் கேட்டேன், நீ முந்தப் போன வேனின் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னதையும் கேட்டேன். அந்த வேனை முந்த நீ வலது பக்கம் ஏறினாய். எதிரே பஸ் வந்தது. மிதித்து முன்னால் போய், வேனுக்கு முன்னால் இடது பக்கம் திருப்பினாய். அங்கே சிறுபாலம் வேலை நடக்கிறதென்று சாலை ஓரத்தில் கான்கிரீட் கட்டை வைத்திருந்தார்கள். பிரேக் பிடித்தாய். வேகம் பெரும்பாலும் குறைந்துவிட்டது என்று டிரைவரே சொன்னார். இடது முன்பக்கம் மட்டும் கட்டையில் மோதியது. இரண்டு பக்கமும் பிரித்து வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. அந்த ஒரு மூலையே மொத்த அடியையும் வாங்கி, சக்கரத்தைப் பின்னால் தள்ளி, அவள் கால் வைத்திருந்த இடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. உனக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது, பாதம் நசுங்கியது.

நான் கோயிலிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீ வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தாய். யாரிடம் என்று தெரியாது. "அவ பயத்துல என் கையப் புடிச்சி இழுத்துட்டா மச்சான், ஸ்டியரிங் திரும்பிடுச்சி" என்றாய். என்னைப் பார்த்ததும் எனக்கும் அதையே சொன்னாய். பிறகு மாமாவிடம், உன் ஆபீஸில், பொன்னேரியிலிருந்து வந்த சித்தப்பாவிடம், கடைசியில் பள்ளிப்பட்டிலிருந்து அலறியடித்து வந்த அவள் அப்பாவிடமும் அதையே சொன்னாய். அந்த மனுஷர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணு சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி, மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை என்றார். நீ மன்னித்தாய். பெருந்தன்மையாகத் தலையாட்டினாய். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே உன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், உனக்குக் கல்யாணமாகிவிட்டது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

வண்டியை இழுத்து வந்து நம் வாசலில் இறக்கிய அன்றுதான் தெரிந்தது. நான் அவளுக்குக் கஞ்சி வைத்து எடுத்துப் போக வீட்டுக்கு வந்திருந்தேன். பம்பர் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். உன் பெரிய இன்டர்கூலர் இடது பக்கம் மடங்கிக் கிடந்தது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, சட்டம் என்று ஒன்றுமே இல்லை. வெல்டிங் செய்த தடம் இல்லை. புது போல்ட் இல்லை. நீ அறுத்த இடத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. நீ எதையும் மாட்டவே இல்லை. கஞ்சித் தூக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைத் தனியாக அழைத்துக் கேட்டேன். நேரமில்லை, ஆடி முடிந்து மாட்டலாம் என்று இருந்தேன் என்றாய். பிறகு, "இப்ப இத்தப் பேசி இன்னாமா ஆவப் போவுது? பேஜாரு பண்ணாத" என்றாய்.

அதோடு நின்றிருந்தால்கூட, பயந்துவிட்டான், சின்னவன் என்று மனதை ஆற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இரண்டு நாள் கழித்து நீ செய்தது இருக்கிறதே, அதை என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. அன்று காலையில் அவளுக்குக் காலில் தகடு வைத்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். அவள் அம்மாவும் அப்பாவும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மாற்றுப் புடவை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். ஷெட்டில் டங் டங் என்று சத்தம். நீ லீவு போட்டது பெண்டாட்டி பக்கத்தில் இருக்க என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ஷெட்டில் நின்று ஒரு இரும்புச் சட்டத்தைச் சம்மட்டியால் அடித்து நெளித்துக்கொண்டிருந்தாய். பழைய சாமான் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தாய். சூப்பர்சார்ஜர் கழன்று தார்ப்பாய்க்குள் போயிருந்தது. இன்டர்கூலரும் போயிருந்தது. பழைய காற்றுக் குழாய் திரும்ப அதன் இடத்துக்கு வந்திருந்தது. மறுநாள் இன்ஷூரன்ஸிலிருந்து ஆள் வருகிறார், சட்டம் இல்லாவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சூப்பர்சார்ஜர் ஆர்.சி.யில் ஏறாத சாமான் என்று நீயாகச் சொன்னாய். நான் கேட்கவே இல்லை. இடது பக்கம் எவ்வளவு நெளிந்திருந்தால் நம்புவார்கள் என்று தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி அடித்தாய். நல்ல வேலைக்காரன் நீ. பிறகு அதைத் தூக்கி வண்டியில் வைத்து, என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் கொஞ்சம் புடிமா, போல்ட்டு போட்டுடுறேன்" என்றாய்.

நான் பிடிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றேன். நீ ஜாக்கியை முட்டுக் கொடுத்து தனியாகவே மாட்டினாய்.

மறுநாள் வந்தவர் சாதுவான மனிதர். குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், உன்னிடம் எப்படி இடித்தது என்று கேட்டார். நீ அவள் கையைப் பிடித்து இழுத்த கதையை அவருக்கும் சொன்னாய். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"சார், அந்தச் சட்டம் நேத்து மாட்டினது. இடிச்சப்ப உள்ள ஒண்ணும் கெடையாது. அதுக்கு மேல ஒரு சாமான் மாட்டியிருந்தான், அது தார்ப்பாய்க்கு அடியில கெடக்கு."

அவர் உன்னைப் பார்த்தார். நீ சிரித்தாய். "அம்மாவுக்கு வயசாயிடுச்சி சார், இன்னாவோ பேசுறாங்க" என்றாய். அவர் நேராகப் போய் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். என்னிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, வரேம்மா என்று கிளம்பினார். அன்று சாயங்காலமே நீ பையைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போனாய். பெத்த தாயே காட்டிக் கொடுத்துட்டா என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். ஆமாம், கொடுத்தேன். உனக்கு நினைவிருக்கிறதா, எட்டாம் வகுப்பில் என் மிக்ஸியைப் பிரித்து வேகமாகச் சுற்றவைக்கிறேன் என்று மோட்டாரில் ஏதோ செய்தாய். மறுநாள் நான் சட்னி அரைக்கும்போது ஜார் பிய்த்துக்கொண்டு கூரை ஓட்டை உடைத்தது. அப்பா வந்து கேட்டபோது, அம்மா தண்ணி ஊத்திட்டாங்க என்றாய். நான் அங்கேயே, உன் எதிரிலேயே, இல்லை, இவன் பிரித்தான் என்று சொன்னேன். அப்பா உன்னை அடிக்கவில்லை. மிக்ஸியை உன் கையில் கொடுத்து, பழையபடி ஆக்கிக் கொடு என்றார். ஆக்கிக் கொடுத்தாய். என்னோடு மட்டும் ரொம்ப நாள் பேசாமல் இருந்தாய். அன்றும் இன்றும் நான் ஒரே மாதிரிதான் இருக்கிறேன். மிக்ஸி விஷயத்தில் சொன்ன பொய்யை மனுஷி விஷயத்தில் சொல்ல நீதான் வளர்ந்திருக்கிறாய்.

சரண்யா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிப்பட்டுக்குப் போனாள். நம் வீட்டுப் படி ஏற முடியாது, அங்கே தரையோடு ஒரு அறை இருக்கிறது என்று அவள் அம்மா சாக்குச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. போன வாரம் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். நீ ஒரு தடவையாவது போனாயா என்று இங்கே கேட்கமாட்டேன், படிக்கிறவர்களுக்கு அது தெரியும். வாக்கர் பிடித்து நடக்கிறாள். அறையிலிருந்து கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிடுகிறது. பாதம் இன்னும் முழுசாக ஊன்றவில்லை. லேபில் நாள் முழுக்க நிற்கிற வேலை, இனி எப்படி என்று கம்பெனியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். அவளுடைய அப்பா என்னை "சம்பந்திம்மா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், நெற்றிக் காயம் ஆறியதா என்று விசாரித்தார். நான் தாங்கமாட்டாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அறுத்ததையும், மாட்டாததையும், சம்மட்டியால் அடித்ததையும். அவர் எழுந்து வயல் பக்கம் போனார். சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். சாப்பிடும்போது மகளைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார், நீ கையைப் பிடித்து இழுத்தாயா இல்லையா என்று. "நைனா, சாப்டு முடி" என்றாள் அவள்.

அவர் கை கழுவப் போன பிறகு என்னிடம் சொன்னாள். அழவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவுரு சொன்னது பாதி நெசந்தான் அத்த. கையப் புடிச்சேன். வண்டி இடிச்சி நின்ன பெறகு புடிச்சேன். காலு இருக்குதா இல்லையான்னே தெரியல. பயமா இருந்துச்சி. பக்கத்துல அவுரு கைதான் இருந்துச்சி."

இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். எழுதுங்க அத்த என்றாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் இருக்கிறது. கால் போன பயத்தில் ஒருத்தி உன் கையைப் பற்றினாள். நீ அந்தப் பிடியை எடுத்து அவள் மேலேயே பழியாகப் போட்டாய். இடித்ததைக்கூட நான் விபத்து என்று எடுத்துக்கொள்வேன், சாலையில் யாருக்கும் நடக்கும். அறுத்ததை மடத்தனம் என்று எடுத்துக்கொள்வேன். மாட்டியாச்சு என்று நீ சொன்ன பொய்யில் அவள் கால் போயிற்று. கையைப் பிடித்தாள் என்று நீ சொன்ன பொய்யில் அவள் பெயரும் போயிற்று. காலுக்கு டாக்டர் இருக்கிறார். பெயரை நீதான் திருப்பிக் கொடுக்க முடியும்.

இதைப் படித்து எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. நான் எழுதியது என் கணக்கு. நீ யார் யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாயோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய் உன் வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும். மாமாவிடம், சித்தப்பாவிடம், உன் ஆபீஸில், போனில் பேசிய அந்த மச்சானிடம். கடைசியாகப் பள்ளிப்பட்டு போய் அவள் அப்பாவிடம். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், நினைவு வைத்துக்கொள். அதற்குப் பிறகும் அவள் வருவாளா, உன்னோடு இருப்பாளா என்பது அவள் விருப்பம். அதில் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், நீயும் ஆள் அனுப்பிப் பேசவைக்கக் கூடாது. அந்த சூப்பர்சார்ஜரை வேறு வண்டியில் மாட்டுவாயோ, நெஞ்சில் கட்டிக்கொண்டு தூங்குவாயோ, எனக்கு அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அந்த வண்டி இந்த வாசலில் நிற்கக் கூடாது.

நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் பள்ளிப்பட்டு போகிறேன். நீ சொன்னபடி அவளை அழைத்துவர அல்ல. அவள் அம்மாவுக்கு நடவு நேரம், பகலில் அவளைக் கிணற்றடிவரை நடக்கவைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். எப்போது திரும்புவேன் என்று தெரியாது. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். நீ கேட்டு வந்தால், சரண்யா கையைப் பிடித்து இழுத்தாளா என்று உன்னை ஒரு தடவை கேட்டுவிட்டு, சரியான பதில் வந்தால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா